சதுர அடி ரேட்டை ஓரம் வையுங்கள், ஈபி பில்லை எடுங்கள்

கேள்வி: கோவை கணபதியில் வாடகை ஷெட்டில் ஒன்பது வருடமாக ஜாப் ஒர்க் யூனிட் (மற்ற கம்பெனிகளின் ஆர்டருக்குப் பாகம் செய்துகொடுக்கிற பட்டறை) நடத்துகிறேன். மூன்று சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்), இரண்டு விஎம்சி (கணினி இயக்கும் மில்லிங் மெஷின்), 14 பேர் வேலை செய்கிறார்கள். பம்ப், வால்வு பாகங்கள்தான் பெரும்பாலும். இப்போது இருப்பது 2,200 சதுர அடி. ஓனர் இடத்தை பில்டருக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லி, மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார். முதலில் போட்ட 11 மாத ஒப்பந்தத்துக்கு அப்புறம் எழுத்தில் எதுவும் இல்லை. மூன்று இடம் பார்த்திருக்கிறேன். கணபதியிலேயே உள்தெருவில் பழைய ஷெட்: 4,000 சதுர அடி, சதுர அடிக்கு மாதம் 20 ரூபாய், 5 லட்சம் அட்வான்ஸ், 40 எச்பி லோடு (ஈபி அனுமதித்த மின் அளவு). அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் குறிச்சி எஸ்டேட்டில் ஒருவருக்கு ஒதுக்கிய ஷெட்: 3,600 சதுர அடி, 22 ரூபாய், ஆறு மாத அட்வான்ஸ், மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீத ஏற்றம், 110 எச்பி லோடு. அரசூரில் புது ஷெட், ஒரே வளாகத்தில் நான்கில் ஒன்று: 5,000 சதுர அடி, 15 ரூபாய், பத்து மாத அட்வான்ஸ், வருடம் 5 சதவீத ஏற்றம், கரண்டுக்கு 'அப்ளை பண்ணியாச்சு' என்கிறார்கள். நானே டேப் வைத்து உள் அளவு எடுத்தேன்: கணபதி 3,850, குறிச்சி 3,480, அரசூர் 4,250. எனக்கு இப்போதைய லோடு 62 கிலோவாட். அடுத்த வருடம் இன்னொரு விஎம்சி வாங்க நினைக்கிறேன். பெரிய வாடிக்கையாளர் மலுமிச்சம்பட்டியில் இருக்கிறார். ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் எல்லாம் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம்தான் கொடுக்கிறேன். அரசூர்தான் மலிவாகத் தெரிகிறது. எதை எடுக்கலாம்?

பதில்:

வணக்கம். இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ரேட்டை மட்டும் எழுதி 'போலாமா?' என்று கேட்பார்கள். நீங்கள் டேப்போடு போய் வந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் பேச முடிகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணபதி ஷெட் வேண்டாம். குறிச்சியை எடுங்கள், ஆனால் சிட்கோவின் அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகு. அது வராது என்று தெரிந்தால் அரசூரை யோசிக்கலாம், அதுவும் மீட்டர் ஓட ஆரம்பித்த பிறகுதான். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன் அந்த மூன்று மாதக் கெடுவைப் பார்த்துவிடுவோம். உங்களை அவசரப்படுத்துவது அதுதான், அவசரத்தில் பிடிக்கிற ஷெட் பெரும்பாலும் தப்பான ஷெட்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 106-ஆம் பிரிவில், உற்பத்தித் தொழிலுக்கு விட்ட இடத்தைக் காலி செய்யச் சொல்ல ஆறு மாத நோட்டீஸ் வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். உங்கள் பழைய 11 மாத ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது காலாவதியாகி எட்டு வருடம் ஆனதால் இரண்டு பக்கமும் வக்கீல் வாதாட இடம் உண்டு. நான் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பில்டர் பிளான் அப்ரூவல் வாங்கி வேலையைத் தொடங்கவே மாதக்கணக்கில் ஆகும், அது ஓனருக்கும் தெரியும். நேரில் போய், 'ஆறு மாதம் கொடுங்கள், கடைசி மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன், சொன்ன தேதியில் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்' என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அட்வான்ஸை எந்தத் தேதியில் திருப்பித் தருவார் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

இனி கரண்ட். மெஷின் ஓட்டுகிற தொழிலுக்கு ஷெட் என்பது முதலில் ஒரு மின் இணைப்பு. கூரையும் சுவரும் அதைச் சுற்றி வருகிற விஷயங்கள்தான். உங்களுக்கு இப்போது 62 கிலோவாட், புது விஎம்சி வந்தால் 77 பக்கம் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எச்பி என்பது 0.746 கிலோவாட். கணபதி ஷெட்டின் 40 எச்பி வெறும் 30 கிலோவாட். இப்போதைய மெஷின்களில் பாதிகூட அதில் ஓடாது. குறிச்சியின் 110 எச்பி 82 கிலோவாட். புது மெஷின் வந்தாலும் சமாளிக்கும். அரசூரில் இப்போதைக்குப் பூஜ்யம்.

'லோடு ஏத்திக்கலாம், ஒரு அப்ளிகேஷன்தான்' என்று கணபதி ஓனர் சொல்லியிருப்பார். சர்வீஸ் அவர் பெயரில் இருக்கிறது, அதனால் கையெழுத்து அவர் போட வேண்டும். கிலோவாட் கணக்கில் டெவலப்மென்ட் சார்ஜும் டெபாசிட்டும் கட்ட வேண்டும், அதை நீங்கள் கட்டச் சொல்வார். கட்டினாலும் டெபாசிட் ரசீது அவர் பெயரில்தான் வரும். அந்தத் தெரு டிரான்ஸ்பார்மரில் இடம் இல்லையென்றால் புது டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். குறுகலான உள்தெருவில் அதை எங்கே வைப்பது என்ற கேள்வியிலேயே ஃபைல் மாதக்கணக்கில் நின்றுவிடும். தமிழ்நாட்டில் 112 கிலோவாட், அதாவது 150 எச்பி வரை தாழ்வழுத்த இணைப்பே போதும். உங்கள் தேவை அதற்குள் இருப்பது நல்லது, உயரழுத்தம், சொந்த டிரான்ஸ்பார்மர் என்ற செலவெல்லாம் உங்களுக்கு இல்லை.

குறிச்சி ஓனரிடம் கடைசி ஒரு வருட ஈபி பில்லைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிற ஓனரின் ஷெட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அந்தப் பில்லில் நான்கு விஷயம் பாருங்கள். டாரிஃப் 3-பி, அதாவது தொழிற்சாலைக் கட்டணம், என்று இருக்க வேண்டும். இடையில் யாராவது குடோனாக வைத்திருந்து வணிகக் கட்டணமான 5-க்கு மாற்றியிருந்தால், திரும்ப மாற்ற ஒரு சுற்று அலைய வேண்டும். அனுமதித்த லோடு 110 எச்பி என்பது வாயால் சொன்னதா, பில்லில் அச்சாகியிருக்கிறதா? பாக்கி ஏதும் இருக்கிறதா? பாக்கி அந்த இணைப்போடு ஒட்டிக்கொண்டே வரும், 'அது போன வாடகைக்காரன் வெச்சது' என்று உங்களால் தப்பிக்க முடியாது. கடைசியாக, பயன்பாடு. பல மாதமாக மீட்டரில் யூனிட்டே ஓடாமல் இருந்தால் மீட்டர், கேபிள், பேனல் போர்டு எல்லாவற்றையும் உங்கள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். பழைய ஷெட்டில் எர்த்திங் சரியாக இருப்பது அபூர்வம். சிஎன்சி டிரைவ் கார்டு ஒன்று போனால் வருகிற செலவு உங்களுக்கே தெரியும். புதிதாக எர்த் பிட் போட ஓனர் சம்மதமும் வேண்டும், அதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

அரசூரில் கேட்க வேண்டியது வேறு. நான்கு ஷெட்டுக்கும் தனித்தனி சர்வீஸா, அல்லது ஓனர் பெயரில் ஒரே பெரிய இணைப்பு வாங்கி சப் மீட்டர் வைக்கப் போகிறாரா? சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. பக்கத்து ஷெட்காரர் பில் கட்டாமல் போனால் உங்கள் மெஷினும் நிற்கும். 'அப்ளை பண்ணியாச்சு' என்றால் விண்ணப்ப எண் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு அந்தப் பகுதியின் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, எஸ்டிமேட் போட்டாகிவிட்டதா, பணம் கட்டியாகிவிட்டதா என்று கேட்டால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். மீட்டர் வருவதற்கு முன் வாடகை ஓட ஆரம்பிக்கிற மாதிரி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஜெனரேட்டரில் ஓட்டிக்கொள்ளலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, இப்போது பணம்.

உங்கள் கடிதத்தில் உள்ளபடி பார்த்தால் கணபதி மாதம் 80,000, குறிச்சி 79,200, அரசூர் 75,000. உள் அளவால் வகுத்தால் அரசூரின் 15 ரூபாய் 17.65 ஆகிறது. வெளிச்சுவர், முன்வாசல் ரேம்ப், பொதுப்பாதையில் உங்கள் பங்கு என்று எல்லாம் அந்த 5,000-க்குள் அடங்கியிருக்கிறது. மெஷின் வைக்க முடியாத இடத்துக்கும் வாடகை. குறிச்சி 22-லிருந்து 22.76 ஆகிறது, அவ்வளவு வித்தியாசமில்லை.

இன்னொரு கணக்கைப் பாருங்கள், இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அரசூரில் வருடம் 5 சதவீதம் ஏறினால் ஐந்தாம் வருடம் வாடகை 91,163. குறிச்சியில் மூன்று வருடம் அப்படியே இருந்து, பிறகு 15 சதவீதம் ஏறினால் நான்காம், ஐந்தாம் வருடங்களில் 91,080. ஐந்தாம் வருடத்தில் அரசூர் குறிச்சியைத் தாண்டிவிடுகிறது! ஐந்து வருடத்தின் மொத்த வாடகையைக் கூட்டினால் அரசூர் சுமார் 49.73 லட்சம், குறிச்சி 50.37 லட்சம். வித்தியாசம் 64,000 ரூபாய், மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். 15-க்கும் 22-க்கும் நடுவே தெரிந்த அந்தப் பெரிய இடைவெளி இவ்வளவுதான்.

அட்வான்ஸையும் சேர்க்க வேண்டும். அரசூரில் 7.5 லட்சம், குறிச்சியில் 4.75 லட்சம். அந்தப் பணம் சும்மா வரவில்லை, உங்கள் வங்கி சிசி லிமிட்டிலிருந்து, அதாவது கடனாக, வருகிறது. 11 சதவீத வட்டி என்று வைத்தால் அரசூருக்கு மாதம் 6,875, குறிச்சிக்கு 4,356. அப்புறம் ஆட்கள். உங்கள் 14 பேரும் கணபதி, சரவணம்பட்டி பக்கம் இருப்பவர்கள் என்றால் இரண்டு இடத்துக்கும் வேன் போட்டாக வேண்டும். வேன்காரரிடம் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக ரேட் கேளுங்கள். பேச்சுக்கு அரசூர் 32,000, குறிச்சி 24,000 என்று வைக்கிறேன். ஹீட் ட்ரீட்மென்டுக்கும் பிளேட்டிங்குக்கும் மாதம் 12 நடை டெம்போ என்றால் அரசூரிலிருந்து நடைக்கு 1,100 வீதம் 13,200. குறிச்சியிலிருந்தும் கிட்டத்தட்ட அதே செலவுதான், 12,000. ஆனால் மலுமிச்சம்பட்டி அங்கிருந்து பொள்ளாச்சி ரோட்டிலேயே கொஞ்ச தூரம், அந்த டெலிவரியில் மாதம் 9,000 மிச்சமானால் நிகரச் செலவு 3,000. எல்லாம் கூட்டினால் அரசூர் மாதம் 1,27,075, குறிச்சி 1,10,556. வேன், டெம்போ ரேட்டுகளை மட்டும் உங்கள் சொந்த எண்களாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். முடிவு தலைகீழாக மாறும் என்று நான் நினைக்கவில்லை.

இந்தக் கூட்டலில் வராத ஒன்று இருக்கிறது. உங்கள் செட்டர்கள். ஆபரேட்டர் போனால் ஒரு மாதத்தில் இன்னொருவரைப் பழக்கலாம். புரோகிராம் போட்டு முதல் பீஸ் ஓகே செய்கிற செட்டர் போனால் மெஷின் நிற்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த இரண்டு மூன்று பேரையும் கூப்பிட்டு, 'இந்த இடத்துக்கு வருவீங்களா?' என்று நேரடியாகக் கேளுங்கள். உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024-இல் திறந்த பிறகு வடக்கிலிருந்து குறிச்சிக்குப் போவது முன்னைப்போல அவ்வளவு பாடாக இல்லை. அதையும் அவர்களே டூவீலரில் ஒரு நாள் ஷிப்ட் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

கணபதி ஷெட்டை ஏன் ஒரேயடியாக ஒதுக்கினேன்? லோடு ஒரு காரணம். இன்னொன்று உள்தெரு. ஜாப் ஒர்க் என்றால் வேலை நெருக்கடியில் மூன்றாவது ஷிப்ட் ஓட்டாமல் முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு கம்ப்ரஸர் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முதல் வாரம் சொல்லிப் பார்ப்பார், இரண்டாவது வாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு போடுவார். கோவையில் வீடுகளுக்கு நடுவே பட்டறை என்பது இரண்டு தலைமுறைப் பழக்கம், உண்மைதான். ஆனால் பட்டறை இருந்த இடங்கள் ஒவ்வொன்றாக அபார்ட்மென்ட் ஆகின்றன, இப்போது உங்களையே காலி செய்ய வைப்பது அதுதான். அதே பகுதியில் இன்னொரு ஷெட் எடுத்தால் நான்கு வருடம் கழித்து இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.  

குறிச்சியின் ஒரே சிக்கல் சிட்கோ. அங்கே இடம் தொழில் செய்வதற்காக ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீடு பெற்றவர் தானே தொழில் நடத்தாமல் இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டால் சிட்கோவின் அனுமதி வேண்டும். 'இங்க எல்லாரும் இப்படித்தான் விட்டிருக்காங்க' என்பது பதில் இல்லை. அனுமதி இல்லாமல் விட்டது தெரிந்தால் நோட்டீஸ் அவருக்குப் போகும், ஆனால் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியது நீங்கள். அவர் பெயரில் கிரையப் பத்திரம் முடிந்துவிட்டதா, இன்னும் ஒதுக்கீட்டு நிலையிலேயே இருக்கிறதா, தவணை பாக்கி உண்டா என்று கேளுங்கள். அனுமதிக்கு அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் யார் கட்டுவது என்பதில் இழுபறி வந்தால் பாதிப் பாதி என்று முடித்துவிடுங்கள், அதற்காக ஒரு நல்ல ஷெட்டை விட வேண்டாம். அனுமதி கிடைத்துவிட்டால் நிலப் பயன்பாடு பற்றிய தலைவலி தீர்ந்தது. அக்கம்பக்கம் முழுக்க யூனிட்டுகள், ராத்திரி சத்தத்துக்கு யாரும் மனு போட மாட்டார்கள். கிரைண்டிங், வயர்கட், டூல் ரீஷார்ப்பனிங் எல்லாம் அதே எஸ்டேட்டில் விசாரித்தால் கிடைத்துவிடும். பிளேட்டிங்கைத் தவிர மற்ற டெம்போ நடையும் மெல்லக் குறையும்.

அரசூருக்குப் போவதானால் கட்டட அனுமதி நகலைக் கேளுங்கள். நகரமைப்புத் துறை ஒப்புதல் இருக்கிறதா, அதில் 'தொழிற்சாலை' என்று இருக்கிறதா, 'குடோன்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சாயத்து ரசீது மட்டும் இருந்தால் போதாது. வங்கியும் கேட்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்குப் போனாலும் கேட்பார்கள். அந்த இசைவாணை இடத்துக்கு உரியது, பழைய முகவரியில் வாங்கியது புது இடத்துக்குச் செல்லாது. உங்கள் தொழில் எந்த வண்ணப் பிரிவில் வருகிறது என்று இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள், பெயின்டிங்கோ ஆசிட் வாஷோ சேர்ந்தால் பிரிவு மாறும்.

ஷெட்டைப் பார்க்கிற விதம் பற்றிக் கொஞ்சம். காலை பத்து மணிக்கு புரோக்கர் கூட்டிப்போகிற நேரத்தில் எல்லா ஷெட்டும் நன்றாகத்தான் இருக்கும். மதியம் மூன்று மணிக்குப் போங்கள். மெட்டல் ஷீட்டுக்குக் கீழே நின்று கையை உயர்த்திப் பாருங்கள். காலையில் ஓகேயான போர் சைஸ் (துளையின் அளவு) மதியம் ஓடிப்போவதற்குக் காரணம் பல நேரம் கூரைதான். டர்போ வென்டிலேட்டர் சுற்றுகிறதா, வடக்குப் பக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் தரை. விஎம்சி ஒன்று நான்கு, ஐந்து டன் இருக்கும். புது ஷெட்டில் மண் நிரப்பி, சரியாக இறுக்காமல் மேலே கான்கிரீட் போட்டிருந்தால் ஒரு மழைக்காலத்தில் இறங்கும், லெவல் போகும். தூண் ஓரங்களில் முடி மாதிரி விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சூலூர் வட்டாரத்தில் கரிசல் மண் உள்ள இடங்கள் உண்டு, அங்கே இந்தச் சோதனை கட்டாயம். கான்கிரீட் எத்தனை அங்குலம், உள்ளே கம்பி இருக்கிறதா என்று கட்டிய மேஸ்திரியிடமே கேட்கலாம், ஓனரைவிட அவர் நேர்மையாகச் சொல்வார். குறிச்சி பழைய ஷெட்டில் வேறு பிரச்சினை: முன்பு இருந்தவர் பிரஸ்ஸோ ஹாமரோ வைத்திருந்த பழைய பவுண்டேஷன் குழிகளை மண் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசியிருப்பார்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே நடங்கள், பொள்ளலான சத்தம் வருகிற இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுவிடுங்கள். ஷட்டர் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். உள்ளே 20 அடி உயரம் இருந்து, ஷட்டர் எட்டடி என்றால் மெஷின் எப்படி உள்ளே போகும்?

மழை விழுந்த மறுநாள் ஒருமுறை போக முடிந்தால் நல்லது. இல்லையென்றால் சுவரின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள், தண்ணீர் நின்ற கோட்டை வெள்ளையடித்து மறைப்பது கஷ்டம்.

இனி ஒப்பந்தம். ஓனர் வழக்கம்போல 11 மாதம் என்பார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. எர்த்திங், கேபிள், காற்றுக்குழாய், மெஷின் பவுண்டேஷன் என்று லட்சக்கணக்கில் கொட்டப் போகிறவருக்கு 11 மாதம் என்ன பாதுகாப்பு? ஐந்து வருடம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 30 வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை மொத்தத் தொகையில் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அது அதிகபட்சம் 20,000. குறிச்சிக்கு ஐந்து வருட வாடகையும் அட்வான்ஸும் சேர்த்து 55 லட்சத்துச் சொச்சம் என்றால், இரண்டும் சேர்ந்து 75,000 பக்கம் வரும். அறுபது மாதத்தில் பிரித்தால் மாதம் 1,250. ஓனர் கட்ட மாட்டேன் என்றால் நீங்களே கட்டிவிடுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், ஆன்லைனிலேயே கிடைக்கும். தமிழ்நாட்டில் அசல் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினால் அந்த ஆவணமும் பதிவாவதால் அதில் தெரிந்துவிடும். கடன் இருப்பது தப்பில்லை. ஆனால் ஓனர் தவணை கட்டாமல் போய், வங்கி சர்ஃபேசி என்ற கடன் வசூல் சட்டத்தில் இடத்தைக் கையகப்படுத்த வந்தால், பதிவில்லாத வாடகைக்காரரின் பேச்சு எடுபடாது. கடன் இருந்தால் அந்த வங்கியின் சம்மதக் கடிதத்தையும் வாங்கித்தரச் சொல்லுங்கள்.

உள்ளே என்ன எழுத வேண்டும்? லாக்-இன், அதாவது ஒப்பந்தத்தை முறிக்க முடியாத காலம், ஓனருக்கு ஐந்து வருடம், உங்களுக்கு ஒரு வருடம். அதற்கு மேல் நீங்கள் மூன்று மாத நோட்டீஸில் வெளியேறலாம். ஓனர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள், உங்களுக்கு இரண்டு வருடம் என்ற இடத்தில் வந்து நிற்கும், பரவாயில்லை. இடத்தை விற்றாலும் புது ஓனர் இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். நீங்கள் போட்ட பேனல், கம்ப்ரஸர் லைன், கிரேன் எல்லாம் போகும்போது உங்களுடையது. லோடு ஏற்ற நீங்கள் டெபாசிட் கட்டினால் காலி செய்யும் நாளில் ஓனர் அதைத் தர வேண்டும். கூரை ஒழுகினால் ஓனர், உள்ளே வயரிங் போனால் நீங்கள். சொத்து வரி ஓனருடையது. அட்வான்ஸ் சாவி கொடுக்கிற அன்றே கையில், அல்லது தரும் வரை வாடகையில்லாமல் உங்கள் வசம். இந்தக் கடைசி வரிக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசுங்கள், வாடகைத் தகராறில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

'அக்ரிமென்ட்ல 40,000 போட்டுக்கலாம், மீதி கையில கொடுங்க' என்று ஒரு பேச்சு வரும். வேண்டாம். செலவுக் கணக்கும் போகும், அட்வான்ஸுக்கு ஆதாரமும் போகும்.

ஜிஎஸ்டியையும் கேட்டுத் தெளிவாக்குங்கள்: 22 ரூபாய் வரி சேர்த்தா, சேர்க்காமலா? ஓனர் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் 18 சதவீதம் போட்டு பில் தருவார். பதிவு இல்லாதவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெற்ற வாடகைக்காரரே ரிவர்ஸ் சார்ஜில் அந்த 18 சதவீதத்தைக் கட்ட வேண்டும். குறிச்சிக்கு அது மாதம் 14,256. இன்புட்டாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் முதலில் பணமாகக் கட்டியாக வேண்டும். மாத வாடகை 50,000-ஐத் தாண்டுவதால் டிடிஎஸ்ஸும் (வாடகையில் கழித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டியிருக்கும். அது 10 சதவீதமா 2 சதவீதமா என்பது நீங்கள் வரித் தணிக்கைக்கு உட்பட்டவரா என்பதைப் பொறுத்தது, ஆடிட்டரிடம் கேட்டு ஓனருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் மாதம் குறைத்து அனுப்பிவிட்டுப் பிறகு விளக்கினால் உறவு கசக்கும்.

இரண்டும் கைகூடாமல் போனால்? புரோக்கரை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். எந்த ஷெட் காலியாகப் போகிறது என்பது போர்டு மாட்டுவதற்கு முன்பே மெஷின் ஷிப்டிங் செய்கிற கிரேன்காரர்களுக்கும், ஈபி கான்ட்ராக்டர்களுக்கும், ஸ்கிராப் எடுக்க வருகிறவருக்கும் தெரியும். உங்கள் இன்சர்ட் (வெட்டுமுனை) சப்ளையரிடம் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள், அவர் தினம் பத்து யூனிட் ஏறி இறங்குகிறவர். கொடிசியா, டாக்ட், காட்மா போன்ற சங்கங்களின் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் சொல்லுங்கள். மலுமிச்சம்பட்டி சிட்கோ எஸ்டேட்டையும் ஒரு சுற்று பார்க்கலாம், பெரிய வாடிக்கையாளரின் வாசலிலேயே இருப்பீர்கள். ஆட்கள் வருவார்களா என்பதுதான் அங்கே கேள்வி.

மெஷின்கள் மேல் கடன் இருந்தால், இடம் மாற்றுவதற்கு முன் வங்கிக்குக் கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். அடமானத்தில் உள்ள மெஷின் இருக்கும் முகவரி அவர்கள் ரெக்கார்டில் மாற வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற வேண்டும். வழியில் ஏதாவது ஆனால் பழைய முகவரிப் பாலிசி உதவாது, ஒரு நாள் டிரான்சிட் பாலிசி எடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டியில் புது இடத்தைக் கூடுதல் இடமாக முதலில் சேர்த்துவிட்டு, முழுவதும் மாறிய பிறகு முதன்மை முகவரியாக மாற்றினால் இடையில் இ-வே பில் சிக்காது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவிலும் முகவரியை மாற்றுங்கள். ஐந்து மெஷினையும் ஒரே நாளில் தூக்காதீர்கள். முதலில் ஒரு விஎம்சியும் ஒரு லேத்தும் போய், லெவல் எடுத்து, பால்பார் கருவியால் மெஷினின் துல்லியம் பார்த்து, வாடிக்கையாளரிடம் முதல் பீஸ் ஓகே வாங்கிய பிறகு மற்றவை போகட்டும். அந்த இரண்டு வாரத்துக்கு இரண்டு இடத்திலும் வாடகை ஓடும். அதற்காகத்தான் பழைய ஓனரிடம் ஆறு மாதம் கேட்கச் சொன்னேன்.

இந்த வாரமே குறிச்சி ஓனரிடம் ஈபி பில், ஒதுக்கீட்டு ஆணை நகல் இரண்டையும் கேட்டுவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு சிட்கோ கிளை மேலாளர் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். டோக்கன் அட்வான்ஸ் கேட்டால் அனுமதி வராவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி, செக்காகவே கொடுங்கள். ஒப்பந்த வரைவு தயாரானதும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.